எல்லாரும் பாஸ் என்றால் மதிப்பீடு எங்கே? பிரஸ் ஷாப் பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேடுகள்

பதிவு 1 | டைசெட்டர்_ஓசூர்

வணக்கம். தளத்தில் 20 டன் முதல் 160 டன் வரை 14 மெக்கானிக்கல் பிரஸ் (டை என்ற அச்சுக்குள் தகட்டை வைத்து அடிக்கும் மெஷின்). மூன்று ஷிப்ட், மொத்தம் 180 பேர், அதில் 110 பேர் கான்ட்ராக்ட். தமிழ், இந்தி, ஒடியா மூன்றும் புழங்குகின்றன.

பாதுகாப்புப் பயிற்சிக்கு இப்போது இருக்கும் ஆவணங்கள்: கையெழுத்துத் தாள், ‘சரியா தவறா’ என்று பத்துக் கேள்வி, குரூப் போட்டோ, ‘பயிற்சி எப்படி இருந்தது’ என்று ஒரு ஃபீட்பேக் படிவம். தேர்ச்சிக்குப் பத்தில் ஆறு. எழுதிய எல்லாரும் பாஸ்.

வாடிக்கையாளர் ஆடிட்டில் ஐஎஸ்ஓ 45001 (பணியிடப் பாதுகாப்புத் தரம்), பிரிவு 7.2-இல் ஒரு என்.சி. (தரப்படி இல்லை என்ற ஆடிட் குறிப்பு) விழுந்திருக்கிறது: ‘பயிற்சி நடந்ததற்குச் சான்று உண்டு, திறன் வந்ததற்குச் சான்று இல்லை.’ 30 நாளில் பதில் தரவேண்டும். மூன்று கேள்விகள். எதைப் பதிய வேண்டும்? எப்படி மதிப்பிடுவது? எத்தனை வருடம் வைத்திருப்பது? ‘ஃபார்மட் அனுப்புங்க’ என்று கேட்கவில்லை. எந்தக் கட்டம் எதற்கு என்று புரிந்தால் போதும்.

பதிவு 2 | பச்சை ஹெல்மெட்

ஆடிட்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 7.2-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். அதன் தலைப்பு பயிற்சி அல்ல, திறன். நான்கு வேலை கேட்கிறது: எந்த வேலைக்கு என்ன திறன் தேவை என்று தீர்மானிக்க வேண்டும். கல்வி, பயிற்சி, அனுபவம் இவற்றின் அடிப்படையில் அந்தத் திறன் ஆளிடம் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அதை உண்டாக்க நடவடிக்கை எடுத்து, அந்த நடவடிக்கை பலித்ததா என்றும் பார்க்க வேண்டும். சான்று வைத்திருக்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் நான்கு காகிதமும் மூன்றாவது வேலையின் முதல் பாதிக்கு மட்டும்தான்.

பாலிசி, ஆபத்து என்று பட்டால் வேலையை விட்டு விலகும் உரிமை இதெல்லாம் 7.3, விழிப்புணர்வு. அதற்கு நாலு வாய்மொழிக் கேள்வி போதும். இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டால் ‘பொதுப் பாதுகாப்புப் பயிற்சி, 2 மணி நேரம்’ என்ற ஒரே தாள், பிரஸ்ஸில் டை மாற்றும் டை செட்டருக்கும் கேன்டீன் ஊழியருக்கும் சான்றாகிவிடும்.

எதைப் பதிவது என்பதற்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் ஃபோர்க்லிஃப்ட் விதி ஒரு நல்ல மாதிரி. அது இந்தியாவில் செல்லாது, ஆனாலும் கச்சிதமானது. நான்கே விஷயம் கேட்கிறது: ஓட்டுநர் பெயர், பயிற்சி நாள், மதிப்பீட்டு நாள், பயிற்சியோ மதிப்பீடோ செய்தவர் யார். பயிற்சி நாளும் மதிப்பீட்டு நாளும் தனித்தனிக் கட்டம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தாளில் அந்த இரண்டாவது கட்டமே கிடையாது, என்.சி. அங்கேதான் பிறக்கிறது.

நம் ஊர்த் தளத்துக்கு இன்னும் நான்கு சேர்க்க வேண்டும். எந்த மொழியில் நடந்தது, எந்தப் பாடக்குறிப்பு (பதிப்பு எண்ணோடு), எந்த மெஷின் அல்லது மெஷின் வகை, கான்ட்ராக்டர் யார்.

பதிவு 3 | சி_ஷிப்ட்

அண்ணா, ஃபார்மட்டுக்கு முன்னாடி அந்தக் கையெழுத்துத் தாளையே சரி பண்ணுங்க. தப்பு நடக்குற இடம் எல்லாம் அங்கதான்.

கையெழுத்து கடைசியில வாங்கணும். ஆரம்பத்துல வாங்கினா பாதியில எந்திரிச்சு லைனுக்குப் போனவனும் ‘கலந்துகொண்டார்’தான். சூப்பர்வைசர் நடுவுல வந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறது எல்லா ஊர்லயும் நடக்கும். அதனால உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ரெண்டு கட்டம். மீதிக் காலி வரிசைகளை அன்னைக்கே குறுக்குக்கோடு போட்டு அடைச்சிடுங்க. அடைக்கலைன்னா அடுத்த வாரம் அதுல ரெண்டு பேர் முளைப்பாங்க.

அப்புறம் பேர். ஒரே தளத்துல நாலு முருகன் இருப்பான், ரெண்டு பேருக்கு இனிஷியலும் ஒண்ணா இருக்கும். ஒடியாக்காரப் பையன் பேரை ஒருத்தர் ஒரு ஸ்பெல்லிங், இன்னொருத்தர் வேற ஸ்பெல்லிங் எழுதுவாங்க. கேட் பாஸ் நம்பரை அடையாளமா வைக்காதீங்க, கான்ட்ராக்டர் மாறினா அது மாறிடும். பி.எஃப். யு.ஏ.என். இல்லன்னா ஈ.எஸ்.ஐ. நம்பர் வைங்க, எந்தக் கான்ட்ராக்டர்கிட்ட போனாலும் ஆளோட கூடவே போகும். ஆதார் ஜெராக்ஸை டிரெய்னிங் ஃபைல்ல சொருகுற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

மொழிபெயர்த்துச் சொன்னவர் பேரும் தாள்ல வரணும். பயிற்சியாளர் தமிழ்ல 40 நிமிஷம் பேசி, லைன் லீடர் இந்தியில 4 நிமிஷம் சொன்னா, அந்த இந்திக்காரருக்கு நடந்தது 4 நிமிஷப் பயிற்சி. எழுதத் தெரியாதவர்னா இடது பெருவிரல் ரேகை, பக்கத்துல சாட்சிக் கையெழுத்து, ‘படித்துக் காட்டப்பட்டது’ன்னு ஒரு வரி.

டூல்பாக்ஸ் டாக் ரிஜிஸ்டர் தனி. காலையில 7 நிமிஷம் நின்னு கேட்டது நினைவூட்டல், அதைப் பயிற்சி மணி நேரத்துல கூட்டாதீங்க. வருஷக் கடைசியில ‘ஆளுக்கு 30 மணி நேரம்’னு காட்டுற கணக்கெல்லாம் இப்படி ஊதினதுதான்.

இன்னொண்ணு, வருஷத்துப் பயிற்சி பூராவும் மார்ச் முதல் வாரத் தேதியிலயே இருந்தா ஆடிட்டர் பக்கத்தைத் திருப்பும்போதே சிரிப்பார். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள், சரிதான். விரலுக்கு அந்த நாள் தெரியாதே.

பதிவு 4 | கணக்கு_வாத்தியார்

கேள்வித்தாளைப் பற்றி. ‘சரியா தவறா’ பத்துக் கேள்வி, ஆறு வந்தால் தேர்ச்சி என்று வைத்தால், ஒன்றுமே தெரியாமல் நாணயத்தைச் சுண்டி விடை போடுகிறவர் தேறும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? மொத்தம் 1,024 விதமாக விடை விழலாம். அதில் ஆறோ அதற்கு மேலோ சரியாக வருவது 386. கிட்டத்தட்ட 38 சதவீதம். அறுபது பேர் தூங்கிக்கொண்டு எழுதினாலும் 22, 23 பேர் பாஸ். அதே பத்துக் கேள்விக்கு நான்கு விடைத் தெரிவு கொடுத்தால் குருட்டாம்போக்கில் தேறுவது 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கேள்வியின் எண்ணிக்கையைக் கூட்டாமலே இவ்வளவு மாறுகிறது.

அடுத்தது, கேள்வி எதைக் கேட்கிறது என்பது. ‘கைக்கவசம் அணிய வேண்டும். சரியா தவறா?’ என்பதற்குப் பயிற்சியே வேண்டாம், ‘சரி’ என்று போட்டுவிடுவார்கள். அதைவிட இப்படிக் கேளுங்கள்: ‘டை மாற்றும்போது மோட்டாரை அணைத்துப் பூட்டும் போட்டாயிற்று. உடனே டைக்குள் கை விடலாமா? (அ) விடலாம் (ஆ) ஃப்ளைவீல் நின்றபின் விடலாம் (இ) ஃப்ளைவீல் நின்று, ராம் பிளாக் வைத்து, காற்று வடித்தபின் விடலாம் (ஈ) சூப்பர்வைசர் சொன்னால் விடலாம்.’ (ஃப்ளைவீல் என்பது சக்தியைத் தேக்கி வைக்கும் கனமான சக்கரம், ராம் என்பது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம், ராம் பிளாக் அதைத் தாங்கும் முட்டு.) இதில் (ஆ) போடுகிறவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது, (ஈ) போடுகிறவருக்கு வேறு பிரச்சினை. தவறான விடையும் தகவல் தரும்படி கேள்வி அமைக்க வேண்டும்.

அதே தாளைப் பயிற்சிக்கு முன்னும் ஒருமுறை கொடுங்கள். முன்பு 80, பின்பு 90 வாங்கியவரும், முன்பு 40, பின்பு 70 வாங்கியவரும் ஒரே அளவு கற்றிருக்கிறார்கள். கற்க மீதமிருந்ததில் இருவரும் பாதியைக் கற்றார்கள் (20-இல் 10, 60-இல் 30). வெறும் பின்மதிப்பெண் இதைக் காட்டாது.

பிறகு கேள்விவாரியாகக் கூட்டுங்கள். ஒரு கேள்விக்கு முன்பே 60 பேரும் சரி என்றால் அந்தக் கேள்வி எதையும் அளக்கவில்லை, தூக்கிவிடுங்கள். முன்பு 18 பேர் சரி, பின்பு 20 பேர் சரி என்றால் அந்தப் பகுதியை நடத்திய விதம் தோல்வி. ஆளைக் குறை சொல்லாமல் பாடக்குறிப்பைத் திருத்துங்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே ஒரு கேள்வியில் அதிகமாகத் தவறினால், கேள்வி குழப்பமாக இருக்கும், அல்லது உங்கள் விடைக்குறிப்பு தப்பு.

படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துத் தாள் வைத்தால் அது வாசிப்புத் தேர்வு. படம் காட்டிக் கேளுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள், சொன்ன விடையை மதிப்பிடுபவர் எழுதட்டும்.

பதிவு 5 | டைசெட்டர்_ஓசூர்

38 சதவீதம் என்று நினைக்கவே இல்லை. அப்படியானால் நான்கு தெரிவு, 20 கேள்வி, 80 சதவீதத் தேர்ச்சி, முன்பின் தேர்வு. இவ்வளவும் செய்தால் என்.சி.யை மூடிவிடலாமா?

பதிவு 6 | டூல்ரூம்_தாத்தா

மூட முடியாது தம்பி. தாளில் நூறு வாங்கியவரும் ராம் பிளாக்கை அலமாரியில் வைத்துவிட்டு டைக்குள் கை விடுவார். டை செட்டருக்குச் செய்முறை மதிப்பீடு தவிர வேறு சான்று கிடையாது. என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். மெஷினுக்கு மெஷின் மாறும், உங்கள் பிரஸ்ஸுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஆபரேட்டருக்குச் சொல்லிவிட்டு, ராமைக் கீழே இறக்கி நிறுத்துகிறாரா, அல்லது பிளாக் வைக்கும் உயரத்திலா? எது என்பது உங்கள் எழுத்துமுறை நடைமுறைப்படி. அதை முதலில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மதிப்பிடுபவருக்கே தெரியாது. மோட்டாரை அணைத்தபின் மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து *தன்* பூட்டைப் போட்டுச் சாவியைத் *தன்* பையில் வைக்கிறாரா? டேக்கில் பெயர், தேதி, நேரம் உண்டா? ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திருக்கிறாரா? மோட்டார் அணைந்த பிறகும் ஃப்ளைவீல் நிமிடக்கணக்கில் சுற்றும், அதில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு வேண்டிய சக்தி தாராளமாக இருக்கும். நேரமாகிறது என்று இங்கேதான் அவசரப்படுவார்கள்.

பிறகு கிளட்ச் (ஃப்ளைவீலின் சுற்றை ராமுக்குக் கொடுப்பது), கவுண்டர்பேலன்ஸ் (ராமின் எடையைக் காற்றழுத்தத்தால் தாங்குவது) இரண்டுக்கும் காற்று வால்வை மூடி, லைனில் இருப்பதை வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் *பார்க்கிறாரா*. கவுண்டர்பேலன்ஸில் காற்றை வடித்தால் ராம் தன் எடையில் இறங்கும். ஆகவே ராமுக்கு முட்டு கொடுக்காமல் அதை வடிப்பது பெரிய பிழை. ராம் பிளாக் சரியான அளவா, சாய்வில்லாமல் நிற்கிறதா? கடைசியாக, இரண்டு கைப் பட்டனையும் (இரண்டையும் ஒருசேர அமுக்கினால்தான் ஸ்ட்ரோக் விழும்) அமுக்கிப் பார்த்து, அசைவு இல்லை என்று உறுதி செய்கிறாரா? இந்தச் சோதனை இல்லாமல் போட்ட பூட்டு வெறும் அலங்காரம்.

டை ஏற்றி, அதைப் பிடிக்கும் டி-போல்ட் முறுக்கி, ஷட் ஹைட் (ராம் முழுதாக இறங்கும்போது உள்ள இடைவெளி உயரம்) பார்த்து, இன்ச் மோடில் (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி) ஓட்டியபின் திரும்ப ஒப்படைக்கும் சோதனை. பிளாக், ஸ்பேனர் எல்லாம் வெளியே வந்ததா? மெஷின் மறைப்பு (கார்டு) திரும்ப மாட்டியதா? ஒரு பட்டனை மட்டும் அமுக்கினால் ஸ்ட்ரோக் விழக்கூடாது. ஒன்றைப் பிடித்தபடியே மற்றதை விட்டு விட்டு அமுக்கினாலும் விழக்கூடாது. லைட் கர்ட்டன் (ஒளிக்கதிரை மறித்தால் மெஷினை நிறுத்தும் கருவி) இருந்தால் சோதனைக் கம்பியால் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் மறித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்க விஷயம், ஆனால் பெரிது. ரோலிங் கீ கிளட்ச் இருக்கும் பழைய பிரஸ்ஸில் ஸ்ட்ரோக் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்காது, ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும். அதில் லைட் கர்ட்டன் மாட்டி, ‘லைட் கர்ட்டன் பயிற்சி’ கொடுத்து, பாஸ் போட்டு வைத்திருக்கும் ஃபைல்கள் உண்டு. அங்கே கை போகவே முடியாத மறைப்புதான் காப்பு. தப்பான பாதுகாப்பில் நூறு சதவீதத் திறன் பெற்று என்ன புண்ணியம்?

ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடாதீர்கள். மூன்று நிலை போதும்: ‘தனியாகச் செய்யலாம்’, ‘கண்காணிப்பில் மட்டும்’, ‘இன்னும் இல்லை’. பூட்டு, ஃப்ளைவீல், காற்று, பிளாக், இயக்கிப் பார்த்தல் இந்த ஐந்தும் உயிர்ப்படிகள். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற இருபதும் சரியாக இருந்து பயனில்லை, ‘இன்னும் இல்லை’தான். மதிப்பிடும்போது நடுவில் வாய் திறக்காதீர்கள். ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள். நிறுத்த வேண்டி வந்தாலே அந்தப் படி தவறியதாகக் கணக்கு.

பதிவு 7 | ப்ரொடக்‌ஷன்_பக்கம்

எழுத நன்றாகத்தான் இருக்கிறது. 180 பேருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் யார் நிற்பது? லைன் எப்போது ஓடுவது? அதைவிட முக்கியம், ‘இன்னும் இல்லை’ என்று ரிஜிஸ்டரில் எழுதுவது நம் கையெழுத்திலேயே நமக்கு எதிராகச் சாட்சி எழுதுவது போல. நாளை விபத்து நடந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பார்கள். முதலுதவிக்கே ஆள் அனுப்ப முடியாமல் தவிக்கிறோம். 150 பேருக்கு ஒரு பெட்டி, 180 என்றால் இரண்டு பெட்டி, மூன்று ஷிப்ட், ஆறு பேருக்குச் சான்றிதழ்.

பதிவு 8 | பச்சை ஹெல்மெட்

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில்.

நேரம். 180 பேருக்கும் இது தேவையில்லை. வேலைவாரியாகப் பிரியுங்கள். 9 டை செட்டர், 62 பிரஸ் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். செட்டருக்கு 30 நிமிடம், 270. ஆபரேட்டருக்கு 10 நிமிடம் போதும் (இரு கைப் பட்டன் சோதனை, இடுக்கியால் பீஸ் எடுப்பது, மாட்டிக்கொண்ட ஸ்க்ராப்பை எடுக்குமுன் என்ன செய்கிறார், யாரைக் கூப்பிடுகிறார்), 620. மொத்தம் 890 நிமிடம், ஏறக்குறைய 15 மணி நேரம், ஒரு வருடத்துக்கு. செட்டர் மதிப்பீட்டுக்கென்று தனியாக மெஷினை நிறுத்தவும் வேண்டாம். டை மாற்றம் எப்படியும் தினமும் நடக்கிறது, அதில் ஒன்றைத் தேர்ந்து நின்று பாருங்கள். மற்றவர்களுக்கு 7.3 அளவு போதும்.

முதலுதவிப் பெட்டி. 1948 தொழிற்சாலைச் சட்டம் பிரிவு 45 சொன்னது ‘ஒரே நேரத்தில்’ வேலையில் இருக்கும் 150 பேருக்கு ஒன்று. மூன்று ஷிப்ட்டாகப் பிரிந்தால் ஒரு நேரத்தில் உங்களிடம் 60, 70 பேர்தான், எண்ணிக்கைப்படி ஒரு பெட்டி. ஆனால் அதற்குப் பொறுப்பான சான்றிதழ் பெற்றவர் வேலை நேரம் முழுவதும் கிடைக்க வேண்டும். ஷிப்ட்டுக்கு ஒருவர் வைத்தால் அவர் லீவு போடும் நாளில் யாருமில்லை. ஷிப்ட்டுக்கு இருவர் என்று வைத்துக்கொண்டால் ஆறு. உங்கள் விடை சரி, வழிதான் தப்பு. அந்த ஆறு பேருக்கும் சான்றிதழ் காலாவதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சழுத்தம் (சி.பி.ஆர்.) போன்ற கைவேலை சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லி, ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக எழும்புகிறதா என்று குறித்து வையுங்கள்.

‘இன்னும் இல்லை’. நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்தான் உண்மை என்பது என் கருத்து. எல்லாரும் பாஸ் ஆன ரிஜிஸ்டரை யாரும் நம்பமாட்டார்கள், ஆடிட்டரும் சரி, இன்ஸ்பெக்டரும் சரி. ஒன்பது செட்டரில் இரண்டு பேர் முதல் முறை தேறவில்லை, 11 நாள் கழித்து மறுமதிப்பீட்டில் தேறினார்கள் என்று இருந்தால்தான் மற்ற ஏழு பேரின் ‘தனியாகச் செய்யலாம்’ என்பதற்கு எடை வருகிறது. ஆபத்தானது ‘இன்னும் இல்லை’ என்று எழுதியது அல்ல. எழுதிய மறுநாள் அதே ஆளை அதே பிரஸ்ஸில் நிறுத்துவதுதான். அதனால் மதிப்பீட்டை அனுமதியோடு கட்டிவையுங்கள். ஒவ்வொரு பிரஸ்ஸின் பேனலிலும் ‘டை மாற்ற அனுமதி பெற்றவர்கள்’ பட்டியல், தேதியோடு. முடிவு மாறிய அன்றே பட்டியல் மாற வேண்டும், ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்தோடு.

இது புதுசும் இல்லை. ஓடும் மெஷின் அருகே செய்யும் வேலைக்குத் தனிப்பயிற்சி பெற்றவரின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று 1948 சட்டத்தின் பிரிவு 22 சொன்னதும் இதே தர்க்கம்தான்.

பதிவு 9 | ப்ரொடக்‌ஷன்_பக்கம்

பேனல் பட்டியல் யோசனையை ஏற்கிறேன். சூப்பர்வைசருக்கும் அது வசதி, ‘யாரை விடுவது’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் மதிப்பிடுபவரை மதிப்பிடுவது யார்? செட்டரின் சொந்த மாமாவே லைன் லீடராக இருப்பார்.

பதிவு 10 | டூல்ரூம்_தாத்தா

நியாயமான கேள்வி. முதல் ஐந்து மதிப்பீட்டை இரண்டு பேர் தனித்தனி மதிப்பீட்டுக் கார்டில் போடட்டும், பேசிக்கொள்ளாமல். பிறகு வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். ஒரே வரிசையில் இருவரும் அடிக்கடி மாறுபட்டால், ஆளில் கோளாறு என்று நினைக்காதீர்கள், அந்த வரி தெளிவாக எழுதப்படவில்லை. ‘ஃப்ளைவீல் பாதுகாப்பாக இருந்தது’ என்று எழுதினால் இருவர் இருவிதமாகப் போடுவார்கள். ‘ஃப்ளைவீல் முழுதாக நின்றபின்தான் கை உள்ளே போனது’ என்றால் சண்டை வராது. பயிற்சி கொடுத்தவரே மதிப்பிடாமல் இருப்பது நல்லது. ஆள் பற்றாக்குறை என்றால் உயிர்ப்படிகள் ஐந்துக்காவது வேறு ஆள்.

பதிவு 11 | எக்செல்_பூச்சி

கார்டு பேப்பரில் இருக்கட்டும். கணக்கு எக்செலில். பெரும்பாலானோர் செய்வது: ஆட்கள் வரிசையாக, பயிற்சிகள் பத்தியாக ஒரு பெரிய மேட்ரிக்ஸ், கட்டத்துக்குள் தேதி. அடுத்த வருடம் அதே கட்டத்தில் புதுத் தேதியை அடிப்பார்கள். பழைய தேதி அழிந்தது. விபத்து நடந்த நாளில் அவருக்குத் திறன் இருந்ததா என்று கேட்டால் பதிலே இல்லை.

மூன்று ஷீட் வையுங்கள்.

ஆட்கள்: யு.ஏ.என்., பெயர், கான்ட்ராக்டர், மொழி, வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள்.
பாடங்கள்: குறியீடு, பெயர், யார் யாருக்குக் கட்டாயம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, பாடக்குறிப்புப் பதிப்பு, சட்டப் பிரிவு.
நிகழ்வுகள்: ஒரு ஆள், ஒரு பாடம், ஒரு நிகழ்வு, ஒரு வரிசை. பயிற்சி நாள், மதிப்பீட்டு நாள், முன், பின் மதிப்பெண், செய்முறை முடிவு, மதிப்பிட்டவர், ஸ்கேன் ஃபைல் பெயர். இதில் எதையும் திருத்தக்கூடாது, கீழே சேர்க்க மட்டும்தான்.

மேட்ரிக்ஸ் என்பது இந்த மூன்றிலிருந்து தானாக வரும் நாலாவது ஷீட். மேக்ஸ்இஃப்ஸ் ஃபார்முலா ஆள், பாடம், முடிவு ‘தனியாகச் செய்யலாம்’ என்ற மூன்று நிபந்தனையோடு கடைசி மதிப்பீட்டு நாளை எடுக்கும். ஈடேட் அதில் மாதங்களைக் கூட்டிக் காலாவதி தரும். 30 நாளுக்குள் என்றால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. காலாவதியை *மதிப்பீட்டு* நாளிலிருந்து கணக்கிடுங்கள். அதோடு, கடைசி முடிவு ‘இன்னும் இல்லை’ என்றால் பழைய தேர்ச்சி இன்னும் காலாவதியாகாவிட்டாலும் கட்டம் சிவப்பாக வேண்டும். இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

மேக்ஸ்இஃப்ஸ் 2019-க்கு முந்தைய எக்செலில் வராது. அங்கே பிவட் டேபிள் போட்டு அதிகபட்சத் தேதி எடுங்கள்.

பேப்பர் கார்டில் வைட்னர் கூடாது. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

பதிவு 12 | கணக்கு_வாத்தியார்

பயிற்சி ‘பலித்ததா’ என்பதற்கு எல்லாரும் விபத்து எண்ணிக்கையைக் காட்டுவார்கள். அந்த வலையில் விழாதீர்கள். ஃப்ரீக்வென்சி ரேட் என்பது பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு எத்தனை வேலைநேர இழப்புக் காயம் என்பது. 180 பேர், ஆளுக்கு 2,400 மணி என்றால் வருடத்துக்கு 4,32,000 மணி. ஒரு காயம் நடந்தால் ரேட் 2.3, இரண்டு நடந்தால் 4.6, நடக்காவிட்டால் பூஜ்யம். ஒரே ஒரு விரல், ரேட்டைப் பூஜ்யத்துக்கும் 2.3-க்கும் இடையே ஆட்டுகிறது. இந்த எண்ணை வைத்து ஒரு பயிற்சி நன்றா மோசமா என்று சொல்ல முடியாது. பெரிய ஆலைக்கு, பல வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் பொருள் உண்டு.

டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் சொன்ன நான்கு படிகள் இங்கே உதவும்: பிடித்ததா, கற்றாரா, தளத்தில் செய்கிறாரா, விளைவு என்ன. உங்கள் ஃபீட்பேக் படிவம் முதல் படி. கேள்வித்தாள் இரண்டாம் படி. செய்முறை மதிப்பீடும் இரண்டாம் படிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, ஆள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து செய்கிறார். மூன்றாவது படிதான் உங்களுக்கு வேண்டியது. சொல்லாமல் போய்ப் பார்ப்பது.

பயிற்சிக்கு முன் ஒரு வாரம், 30 நாள் கழித்து, 90 நாள் கழித்து. ஒவ்வொரு முறையும் 20 பார்வை, மூன்று ஷிப்ட்டிலும் பிரித்து. சி ஷிப்ட்டை விட்டுவிடாதீர்கள், உண்மை அங்கேதான் இருக்கும். ஒரு பார்வைக்கு ஆம், இல்லை என்று விடை வரும் ஒரே கேள்வி: ‘மாட்டிய ஸ்க்ராப்பை எடுக்க இடுக்கி பயன்படுத்தினாரா?’ பெயர் குறிக்க வேண்டாம். 20-இல் 8, பிறகு 17, பிறகு 11 என்று வந்தால், பயிற்சி வேலை செய்தது, 90 நாளில் மங்குகிறது, வருடாந்தர ரெஃப்ரெஷர் போதாது என்று தெரிகிறது. 20 பார்வையில் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் தற்செயல், அதற்கு விளக்கம் தேடாதீர்கள்.

பதிவு 13 | சி_ஷிப்ட்

வாத்தியார் சொன்ன அந்த ‘இல்லை’க்குப் பக்கத்துல ஒரு கட்டம் சேருங்க: தெரியலையா, முடியலையா, வேண்டாம்னு விட்டாரா. இடுக்கி ரெண்டு வாரமா உடைஞ்சு கிடக்குதுன்னா அது ‘முடியலை’. அதுக்கு மறுபயிற்சி போட்டா ஆளுக்கும் கோபம், காசும் தண்டம். பீஸ் ரேட் டார்கெட் இடுக்கியோட போனா எட்டாதுன்னா அது ‘வேண்டாம்னு விட்டது’. அதுக்கு மருந்து டார்கெட்ல இருக்கு. ‘தெரியலை’ன்னு வர்றது மட்டும்தான் பயிற்சித் துறையோட வேலை. எல்லா விபத்து ரிப்போர்ட்லயும் கடைசி வரி ‘தொழிலாளிக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ன்னு முடியுறது இந்தக் கட்டம் இல்லாததாலதான்.

காது அடைப்பானும் இப்படித்தான். ‘இயர் பிளக் அணிந்திருந்தார்’னு டிக் போடாதீங்க. ஃபோம் பிளக்கை மெல்லிசா உருட்டி, மறு கையால காதை மேல பின்னால இழுத்து, உள்ள விட்டு, விரியுற வரைக்கும் 20, 30 வினாடி பிடிச்சிருந்தாரான்னு பாருங்க. முன்னாடியிருந்து பார்த்தா பாதி பிளக் வெளிய நீட்டிட்டு இருந்தா அது கம்மல்.

பதிவு 14 | பச்சை ஹெல்மெட்

எத்தனை வருடம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஐஎஸ்ஓ 45001 வருட எண் எதுவும் சொல்லவில்லை, நீங்களே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். ஆள் வேலையில் இருக்கும்வரை எல்லாமும், விலகியபின் சில வருடமும் என்பது நடைமுறை. இரைச்சல், தூசி, ரசாயனம் சார்ந்த பயிற்சியை மட்டும் உடல்நலப் பதிவேட்டோடு சேர்த்து நீண்டகாலம் வையுங்கள். காது கேளாமை வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

எக்செல்_பூச்சி ‘சட்டப் பிரிவு’ கட்டத்தைப் பாடங்கள் ஷீட்டில் வைத்தது நல்ல வேலை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த இழையில் நாம் இதுவரை எடுத்துக்காட்டிய 1948 சட்டத்தின் இடத்தை அது பிடிக்கிறது. பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்ற எண்ணிக்கை முன்பு 1,000, புதுத் தொகுப்பில் தொழிற்சாலைக்கு 500, அபாயகரமான செயல்முறை என்றால் 250. பிரிவு எண்ணை ஒவ்வொரு படிவத்திலும் அச்சடித்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி அச்சடிக்க வேண்டும். ஒரே கட்டத்தில் இருந்தால் ஒரு நிமிடம்.

மறுமதிப்பீடு தேதி வந்தால் மட்டும் அல்ல. நூலிழையில் தப்பிய சம்பவம், புது வகை பிரஸ், மெஷின் மறைப்பு மாற்றம், நீண்ட விடுப்பு, ‘இல்லை, தெரியலை’ என்ற பார்வை, இவற்றில் எது வந்தாலும் உடனே. பாடங்கள் ஷீட்டில் இதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.

பதிவு 15 | டைசெட்டர்_ஓசூர்

எல்லாருக்கும் நன்றி. செட்டர் கார்டின் முதல் வடிவம் இது. பார்த்துச் சொல்லுங்கள். * குறி உயிர்ப்படி.

1. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அறிவித்தார்
2. ராமை நடைமுறையில் எழுதிய நிலையில் நிறுத்தினார்
3. ஐசொலேட்டர் ஆஃப், தன் பூட்டு, சாவி தன்னிடம் *
4. ஃப்ளைவீல் முழுதாக நின்றது *
5. காற்று வால்வு மூடி வடித்தார், கேஜ் பூஜ்யம் *
6. ராம் பிளாக் வைத்தார் *
7. இரு பட்டனையும் அமுக்கி அசைவில்லை என்று உறுதி செய்தார் *
8. டை மாற்றம் சரியாகச் செய்தார்
9. கருவிகள், பிளாக் வெளியே, மெஷின் மறைப்பு மாட்டியது
10. ஒற்றைப் பட்டன் சோதனை, பிடித்து விடும் சோதனை

முடிவு, மதிப்பிட்டவர், மொழி, பிரஸ் எண், பயிற்சி நாள், மதிப்பீட்டு நாள் கீழே.

பதிவு 16 | டூல்ரூம்_தாத்தா

5-ஐயும் 6-ஐயும் இடம் மாற்று. இந்த வரிசையில் செய்தால் கவுண்டர்பேலன்ஸ் காற்று போகும்போது ராமுக்குக் கீழே முட்டே இருக்காது. கார்டைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர் இப்படித்தான் செய்வார்.

8-இல் ‘சரியாக’ என்றால் என்ன? ‘டி-போல்ட் எல்லாம் டார்க் ரெஞ்சால் முறுக்கினார், ஷட் ஹைட்டை டையின் அளவுக் கார்டோடு ஒத்துப்பார்த்தார், முதல் மூன்று ஸ்ட்ரோக் இன்ச் மோடில்’ என்று பிரித்து மூன்று வரியாக எழுது.

பதிவு 17 | டைசெட்டர்_ஓசூர்

மாற்றிவிட்டேன் ஐயா. நம் எழுத்துமுறை நடைமுறையிலும் அதே தப்பு வரிசைதான் இருக்கிறது, பதிப்பு 3. அதையும் திருத்திப் பதிப்பு 4 போட்டு, செட்டர் ஒன்பது பேரையும் முதலில் ‘கண்காணிப்பில் மட்டும்’ என்று மாற்றி, பேனல் பட்டியலைக் கழற்றிவிட்டேன். மதிப்பீடு திங்கட்கிழமை ஏ ஷிப்ட்டில், 6-ஆம் எண் பிரஸ்ஸில் தொடங்குகிறது.